ஆலன் ஜோன்ஸ் டெஸ்ட் ஆடினாரா, இல்லையா?

ஒரு கிரிக்கெட் வீரரின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் நம் கண் நேராக முதல் வரிக்குத்தான் போகும். டெஸ்டில் எத்தனை ஆட்டம், எத்தனை ரன், சராசரி ஐம்பதுக்கு மேலா கீழா என்று பார்ப்போம். அதற்குக் கீழே இருக்கும் வரிகளை நிதானமாகப் படிக்கும் பழக்கம் பலருக்குக் கிடையாது. ஆலன் ஜோன்ஸ் என்பவரின் பக்கத்தைத் திறந்தால் அந்த டெஸ்ட் வரியே இருக்காது. எடுத்த எடுப்பில் 'முதல்தர ஆட்டங்கள்' என்றுதான் தொடங்கும்: 645 ஆட்டம், 1,168 இன்னிங்ஸ், 36,049 ரன், 56 சதம், சராசரி 32.89.

36,049 எவ்வளவு பெரிய எண் என்று உறைக்க ஓர் ஒப்பீடு. முதல்தர ஆட்டங்களில் சுனில் கவாஸ்கர் எடுத்த மொத்த ரன் 25,834. சச்சின் டெண்டுல்கர் எடுத்தது 25,396. இருவரையும்விட ஜோன்ஸ் பத்தாயிரத்துக்கு மேல் கூடுதலாக எடுத்திருக்கிறார். டெஸ்ட் ஆடாதவர்களில் இவ்வளவு ரன் எடுத்தவர் உலகிலேயே வேறு யாரும் இல்லை. ஆனாலும் வேல்ஸைத் தாண்டினால் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

இதில் வேடிக்கை என்னவென்றால், டெஸ்டே ஆடாத இந்த மனிதருக்கு இங்கிலாந்தின் டெஸ்ட் தொப்பி எண் ஒன்று இருக்கிறது. 696. ஆடாதவருக்கு எண் எப்படி வந்தது? அதைச் சொல்ல வேண்டுமானால், முதல்தரம், கவுன்டி, டெஸ்ட் தகுதி என்று நாம் போகிற போக்கில் உச்சரிக்கும் சில சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல்தரம் என்பது ஒரு முத்திரை

முதல்தர ஆட்டம் என்றால் என்ன என்பதை உலக கிரிக்கெட் அமைப்பு (இன்றைய ஐசிசி) 1947-இல்தான் முறையாக வரையறுத்தது. பக்கத்துக்குப் பதினொரு பேர், மூன்று நாளோ அதற்கு மேலோ ஆட்டம், ஒவ்வோர் அணிக்கும் இரண்டு இன்னிங்ஸ் ஆட இடம். அவ்வளவுதானா என்றால் இல்லை. உங்கள் தெரு அணியும் பக்கத்து ஊர் அணியும் நாலு நாள் ஆடி ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ் முடித்தாலும் அது முதல்தரம் ஆகிவிடாது. அந்தந்த நாட்டு கிரிக்கெட் வாரியம் 'இந்த அணிகள் அந்த அளவு தரமுள்ளவை, இந்த ஆட்டம் கணக்கில் சேரும்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதாவது முதல்தரம் என்பது ஆட்டத்துக்கு வெளியே இருந்து வந்து குத்தப்படும் முத்திரை. கட்டுரை முடியும்வரை இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள் முதல்தரம். இங்கிலாந்தில் கவுன்டி சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் முதல்தரம். டெஸ்டும் முதல்தரம்தான், இது புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும் இடம். டெஸ்ட் தனி, முதல்தரம் தனி என்று பலர் நினைக்கிறார்கள். கவாஸ்கரின் 10,122 டெஸ்ட் ரன்னும் அந்த 25,834-க்கு உள்ளேதான் இருக்கிறது. பெரிய பாத்திரம் முதல்தரம், அதற்குள் வைத்த சின்னக் கிண்ணம் டெஸ்ட்.

கவுன்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் மாதிரி ஒரு நிலப்பிரிவு. இப்போது 18 கவுன்டி அணிகள் முதல்தரக் கிரிக்கெட் ஆடுகின்றன. சாம்பியன்ஷிப் முறையாகத் தொடங்கியது 1890-இல். ஜோன்ஸின் அணியான கிளமார்கன் அதில் சேர்ந்தது 1921-இல். பதினெட்டில் வேல்ஸைச் சேர்ந்தது அது ஒன்றுதான். வேல்ஸுக்கென்று தனி டெஸ்ட் அணி கிடையாது. அங்கே பிறந்தவர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் இங்கிலாந்து அணிக்குத்தான் போக வேண்டும்.

ரஞ்சிக்கும் கவுன்டிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ரஞ்சியில் மாநிலத்துக்கு ஆடிய தலைமுறைகள் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை பார்த்துக்கொண்டு, நேரம் வரும்போது ஆடப் போனார்கள். கவுன்டியில் கிளப்தான் முதலாளி. ஆட்டம்தான் வேலை. ஏப்ரல் கடைசியில் தொடங்கி செப்டம்பர்வரை சம்பளம் உண்டு. குளிர்காலத்துக்கு வேறு பிழைப்புப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு கவுன்டி தொழிலாளியின் நாட்கள்

ஆலன் ஜோன்ஸ் 1938 நவம்பர் 4 அன்று ஸ்வான்சீ நகருக்கு அருகே வெலின்ட்ரே என்ற ஊரில் பிறந்தார். இடதுகை ஆட்டக்காரர், தொடக்க மட்டையாளர். 1957-இல் கிளமார்கனுக்காக முதல் ஆட்டம், 1983-இல் கடைசி ஆட்டம். இடையில் 1963-64 பருவத்தில் ஆஸ்திரேலியா போய் வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா மாநிலத்துக்கு ஆடினார். பின்னாளில் தென்னாப்பிரிக்காவிலும் கொஞ்சம் ஆடினார். மற்றபடி வாழ்க்கை முழுதும் ஒரே கிளப். தம்பி ஐவியன் ஜோன்ஸ் அதே அணியின் விக்கெட் கீப்பர். அண்ணன் பேட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்குவார். எதிரணி ஆடும்போது தம்பி ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான்.

அவர் ஆட வந்த காலத்தில் இங்கிலாந்து கிரிக்கெட்டில் இரண்டு சாதி இருந்தது. சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்கள் ஒருபுறம், கூலிக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இன்னொருபுறம். பல மைதானங்களில் உடை மாற்றும் அறைகூட வேறு வேறு. ஸ்கோர் அட்டையில் கனவானுக்குப் பெயரின் முதலெழுத்துகள் முன்னால் வரும், தொழிலாளிக்குப் பின்னால் வரும். 1950-இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஃபிரெட் டிட்மஸின் முதலெழுத்துகள் தவறிப்போய் முன்னால் அச்சாகிவிட்டன என்று ஒலிபெருக்கியில் அறிவித்துத் திருத்தினார்கள்! இந்தப் பிரிவினையை 1962 கடைசியில்தான் ஒழித்தார்கள். ஜோன்ஸ் பின்னால் எழுத்து போடப்படும் சாதி.

சரி, 645 ஆட்டம் எப்படிச் சாத்தியம்? கவாஸ்கர் ஆடிய முதல்தர ஆட்டங்கள் 348. டெண்டுல்கர் 310. இங்கேதான் கவுன்டி வாழ்க்கையின் கணக்கு இருக்கிறது. அறுபதுகளில் ஒரு கவுன்டிக்குப் பருவத்துக்கு 28 சாம்பியன்ஷிப் ஆட்டம் என்பது சாதாரணம். ஒவ்வொன்றும் மூன்று நாள். சனி, திங்கள், செவ்வாய் ஓர் ஆட்டம். அது முடிந்த சாயங்காலமே காரில் ஏறி அடுத்த ஊர். புதன், வியாழன், வெள்ளி இன்னோர் ஆட்டம். ஞாயிறு ஓய்வு. 1969-இல் ஞாயிற்றுக்கிழமை லீக் வந்து அந்த ஓய்வையும் எடுத்துக்கொண்டது. இன்று சாம்பியன்ஷிப்பில் ஓர் அணிக்குப் பதினான்கு ஆட்டம்தான். 645 என்ற எண்ணை இனி யாரும் தொடப்போவதில்லை. தொடுவதற்கு நாட்கள் இல்லை.

இந்த ஓட்டத்தில் ஒரு மட்டையாளரை அளக்க அவர்கள் வைத்திருந்த கோல், ஒரு பருவத்தில் ஆயிரம் ரன். ஆயிரத்தைத் தாண்டினால் அந்த ஆண்டு சோற்றுக்கு உழைத்தாயிற்று என்று அர்த்தம். ஜோன்ஸ் 1961-இலிருந்து 1983 வரை ஒரு பருவம்கூடத் தவறாமல் இருபத்துமூன்று முறை ஆயிரம் தாண்டினார். என்னைக் கேட்டால் 36,049-ஐவிட இந்த 23-தான் பெரியது. மொத்த ரன்னில் நல்ல ஆண்டு கெட்ட ஆண்டை மறைத்துவிடும். இதில் மறைக்க முடியாது. விரல் உடைந்த ஆண்டு, மழை கொட்டிய ஆண்டு, மனது சரியில்லாத ஆண்டு எல்லாம் 23-க்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். நாற்பத்துநாலு வயதில் ஆடிய கடைசிப் பருவத்திலும் ஆயிரம் வந்தது.

சராசரி 32.89தானே, அது ஒன்றும் பிரமாதம் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பிட்சைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக் கவுன்டி ஆட்டங்களில் பிட்சை முழுமையாக மூடி மழையிலிருந்து காக்கும் வழக்கம் 1981-இல்தான் வந்தது. அதற்குமுன் ஆட்டம் நடக்கும்போது மழை பெய்தால் பிட்ச் நனையும். பிறகு வெயில் வந்து மேல்மண் காயக் காய, பந்து ஓரிடத்தில் எகிறும், ஓரிடத்தில் நின்று திரும்பும். ஜோன்ஸின் வாழ்க்கையில் கடைசி மூன்று பருவம் தவிர மற்றதெல்லாம் இப்படிப்பட்ட பிட்சில் ஆடியவை. அதுவும் தொடக்க ஆட்டக்காரராக, புதுப் பந்துக்கு எதிரே. ஸ்வான்சீயின் செயின்ட் ஹெலன்ஸ் மைதானம் வேறு கடலோரம். அடியில் மணல், சுழலுக்குச் சாதகம். வேல்ஸில் மழைக்கும் பஞ்சமில்லை. இன்றைய தட்டையான பிட்சில் எடுத்த 40-ஐ அந்த 32-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியான தராசு ஆகாது.

தொப்பி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவுன்டியில் முதல் ஆட்டம் ஆடியதும் தொப்பி தரமாட்டார்கள். சில பருவம் ஆடி, அணியில் நிலைத்துவிட்டான் என்று நிர்வாகம் முடிவு செய்த பிறகுதான் கவுன்டி தொப்பி. அதோடு சம்பளமும் ஏறும். பத்து வருடம் போல உழைத்தால் 'பெனிஃபிட்' ஆண்டு ஒன்று கிடைக்கும். அந்த ஆண்டில் அவருக்காகக் காட்சி ஆட்டங்கள், விருந்துகள், உண்டியல் வசூல் எல்லாம் நடக்கும். சேரும் பணம் அவருக்கு. வீடு வாங்கவோ கடை வைக்கவோ ஒரு கவுன்டி ஆட்டக்காரர் நம்பியிருந்தது இந்தப் பணத்தைத்தான். இதற்கு வருமான வரி உண்டா என்று ஒரு வழக்கே நடந்தது. கென்ட் கவுன்டியின் ஜேம்ஸ் சீமோர் 1920-இல் பெற்ற பெனிஃபிட் பணம் அன்பளிப்பு, சம்பளம் இல்லை, ஆகவே வரி கிடையாது என்று 1927-இல் அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சீமோரும் ஐம்பதுக்கு மேல் சதம் அடித்து டெஸ்ட் ஆடாமலே போனவர்தான். கிரிக்கெட் பக்கங்களைவிட வரிச் சட்டப் புத்தகங்களில்தான் அவர் பெயர் அதிகம் வருகிறது.

ஜோன்ஸ் இருந்த கிளமார்கன் சோப்ளாங்கி அணி என்று நினைத்துவிட வேண்டாம். 1969-இல் டோனி லூயிஸ் தலைமையில் 24 ஆட்டத்தில் 11 வெற்றி, 13 டிரா, ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன் பட்டம் வென்றது. கார்டிஃபின் சோஃபியா கார்டன்ஸில் வூஸ்டர்ஷயரை வீழ்த்திப் பட்டத்தை உறுதி செய்த ஆட்டத்தில் பாகிஸ்தானின் மஜீத் கான் அடித்த 156-ஐ இன்றும் அங்கே பேசுவார்கள். அதே ஆட்டத்தில் டான் ஷெப்பர்டு தன் இரண்டாயிரமாவது முதல்தர விக்கெட்டை எடுத்தார்.

இந்த ஷெப்பர்டு யார் தெரியுமா? ஜோன்ஸுக்குப் பந்துவீச்சு ஜோடி என்றே சொல்லலாம். ஸ்வான்சீக்கு மேற்கே கோவர் தீபகற்பத்தில் போர்ட் ஐனன் என்ற ஊரில் 1927-இல் பிறந்தவர். மொத்தம் 2,218 முதல்தர விக்கெட். டெஸ்ட் ஆடாத பந்துவீச்சாளர்களில் இதுதான் உலகிலேயே அதிகம். வேகப்பந்து வீசத் தொடங்கி, அது கைவிட்டுப்போனபோது ஓடிவரும் தூரத்தைக் குறைத்துக்கொண்டு ஆஃப் கட்டர் (ஆஃப் ஸ்பின் போல உள்ளே திரும்பும், ஆனால் அதைவிட வேகமான பந்து) வீசக் கற்று, 1956-இல் மட்டும் 177 விக்கெட் எடுத்தார். பேட்டிங் சராசரி பத்துக்கும் கீழே. ஆனால் 1961-இல் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக ஸ்வான்சீயில் இறங்கி, பதினொரே அடியில் 51 எடுத்தார். ஆறு சிக்ஸர், மூன்று பவுண்டரி, ஓர் இரண்டு, ஓர் ஒன்று. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

டெஸ்ட் ஆடாதவர்களில் அதிக ரன் எடுத்தவரும் அதிக விக்கெட் எடுத்தவரும் ஒரே கிளப், ஒரே வட்டாரம், பத்துப் பதினைந்து வருடம் ஒன்றாக ஆடியவர்கள். இது தற்செயல்தானா? இங்கிலாந்துத் தேர்வாளர்கள் எல்லையில் இருக்கும் செவர்ன் ஆற்றைத் தாண்டி மேற்கே வேல்ஸுக்கு வரமாட்டார்கள் என்பது வேல்ஸ்காரர்களின் பழைய முறையீடு. முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஜோன்ஸின் காலத்தில் இங்கிலாந்துக்குத் தொடக்க ஆட்டக்காரர் பஞ்சமே இல்லை; ஜெஃப்ரி பாய்காட், ஜான் எட்ரிச், பாப் பார்பர், காலின் மில்பர்ன் என்று வரிசை நீளம். எட்ரிச் இடதுகைக்காரரும்கூட. ஷெப்பர்டுக்கோ ஜிம் லேக்கர், டிட்மஸ், டேவிட் ஆலன், ரே இல்லிங்வொர்த் எனப் போட்டி. ஆனாலும் இவ்வளவு வருடத்தில் ஒரே ஒரு வாய்ப்புகூட வரவில்லையா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

ஜோன்ஸுக்கு ஒரு வாய்ப்பு வந்தது.

1970, லார்ட்ஸ்

அந்தக் கோடையில் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்கு வர வேண்டியது. இரண்டு ஆண்டு முன்னால், கேப் டவுனில் பிறந்து நிறவெறிச் சட்டத்தால் அங்கே ஆட முடியாமல் இங்கிலாந்தில் குடியேறிய பாசில் டி ஒலிவெய்ராவை அணியில் சேர்த்ததற்காக, இங்கிலாந்தின் சுற்றுப்பயணத்தையே தென்னாப்பிரிக்க அரசு ஏற்க மறுத்திருந்தது. இப்போது பதிலுக்கு அவர்கள் வரக்கூடாது என்று பிரிட்டனில் பெரும் போராட்டம். மைதானங்களைச் சுற்றி முள்வேலிகூடப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அரசாங்கமே கேட்டுக்கொண்டதால் மே மாதம் பயணம் ரத்தானது.

ஒரு கோடை முழுவதும் டெஸ்ட் இல்லையென்றால் வருமானம் என்னாவது? அவசரமாக 'உலக அணி' ஒன்றைக் கூட்டினார்கள். கின்னஸ் நிறுவனம் பணம் போட்டது. ஐந்து ஆட்டத் தொடர். தலைவர் கேரி சோபர்ஸ். அவரோடு ரோகன் கன்ஹாய், கிளைவ் லாய்டு, லான்ஸ் கிப்ஸ், நம் ஃபரூக் என்ஜினியர், பாகிஸ்தானின் இன்டிகாப் ஆலம், ஆஸ்திரேலியாவின் கிரஹாம் மெக்கென்சி. அப்புறம் பேரி ரிச்சர்ட்ஸ், கிரேம் பொல்லாக், எடி பார்லோ, மைக் புராக்டர் என்று நான்கு தென்னாப்பிரிக்கர்கள். இந்தப் பதினொருவரைவிட வலுவான எதிரணியை இங்கிலாந்து அதற்கு முன் சந்தித்ததுண்டா என்று யோசித்துப் பார்க்கலாம்.

இவை டெஸ்ட் ஆட்டங்கள் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள். ஆடியவர்களுக்கு இங்கிலாந்து தொப்பியும் கொடுத்தார்கள். முதல் ஆட்டம் ஜூன் 17 அன்று லார்ட்ஸில். இங்கிலாந்துக்காகத் தொடக்கத்தில் இறங்கியவர்கள் கென்ட்டின் பிரையன் லக்ஹர்ஸ்டும் கிளமார்கனின் ஆலன் ஜோன்ஸும். ஜோன்ஸுக்கு வயது 31.

முதல் இன்னிங்ஸில் 5 ரன். புராக்டர் பந்தில் என்ஜினியரிடம் பிடி. இரண்டாம் இன்னிங்ஸில் 0. மறுபடியும் புராக்டர், மறுபடியும் என்ஜினியர். சோபர்ஸ் 21 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 127-இல் சுருட்டினார். பிறகு பேட்டோடு வந்து 183 அடித்தார். உலக அணி 546. இங்கிலாந்து இன்னிங்ஸ் மற்றும் 80 ரன்னில் தோற்றது. அடுத்த ஆட்டத்துக்கான அணியில் ஜோன்ஸ் பெயர் இல்லை. அதன்பின் எந்த அணியிலும் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் 'ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர்' என்ற நீண்ட பட்டியலில் அவரும் ஒருவராக இருந்திருப்பார். ஆனால் பின்னர் உலக கிரிக்கெட் அமைப்பு தீர்ப்புச் சொன்னது: டெஸ்ட் என்பது இரண்டு நாடுகளுக்கு இடையில் நடப்பது, உலக அணி ஒரு நாடு இல்லை, ஆகவே அந்த ஐந்தும் டெஸ்ட் இல்லை. முத்திரை அழிக்கப்பட்டது.

அந்த லார்ட்ஸ் ஆட்டத்தில் ஜோன்ஸோடு முதன்முறையாக இங்கிலாந்து தொப்பி அணிந்தவர்கள் லக்ஹர்ஸ்டும் லங்காஷயரின் கென் ஷட்டில்வொர்த்தும். அவர்கள் இருவரும் அதே ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் போய் பிரிஸ்பேனில் 'உண்மையான' முதல் டெஸ்ட் ஆடிவிட்டார்கள். தொடரில் பின்னால் அறிமுகமான டோனி கிரெக், பீட்டர் லீவர், கிறிஸ் ஓல்டு ஆகியோருக்கும் பிறகு இடம் கிடைத்தது. முத்திரை அழிந்ததில் கையில் எதுவும் மிஞ்சாமல் நின்றவர் ஜோன்ஸ் ஒருவர்தான்.

இன்னொரு விசித்திரம். டெஸ்ட் தகுதி போனாலும் அந்த ஆட்டத்தின் முதல்தரத் தகுதி போகவில்லை. அவர் எடுத்த அந்த 5 ரன் இன்றும் 36,049-க்குள் இருக்கிறது. அந்த 0-வும் 1,168 இன்னிங்ஸில் ஒன்றாக உட்கார்ந்து சராசரியைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. பெருமை பறிபோனது, தோல்வி மட்டும் கணக்கில் நின்றது.

டெஸ்டை யார் டெஸ்ட் ஆக்குகிறார்கள்?

நாடு எதிர் நாடு என்பதுதான் விதி என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வரலாறு அவ்வளவு ஒழுங்காக இல்லை.

முதல் டெஸ்ட் என்று நாம் படிப்பது 1877 மார்ச்சில் மெல்பர்னில் நடந்தது. அங்கே போன 'இங்கிலாந்து' அணி ஜேம்ஸ் லில்லிவைட் என்ற சசெக்ஸ் ஆட்டக்காரர் சம்பாதிப்பதற்காகக் கூட்டிச் சென்ற தொழில்முறைக் குழு. நாட்டு வாரியம் அனுப்பியதில்லை. அப்படி ஒரு வாரியமே இல்லை. அந்த ஆட்டத்தை அன்று யாரும் டெஸ்டாக எண்ணி ஆடவில்லை. பல வருடம் கழித்து அடிலெய்டு பத்திரிகையாளர் கிளாரன்ஸ் மூடி, 1894-இல், எவையெல்லாம் டெஸ்ட் என்று ஒரு பட்டியல் போட்டார். அதை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முத்திரை பின்னால் வந்தது.

1889 இன்னும் வேடிக்கை. மேஜர் வார்ட்டன் என்பவர் ஒரு குழுவைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப் போனார். அதில் நல்ல ஆட்டக்காரர்களும் உண்டு, பயணம் போகிற ஆசையில் வந்தவர்களும் உண்டு. கேப்டன் ஆப்ரி ஸ்மித், பின்னாளில் ஹாலிவுட் நடிகர். அந்தப் பயணத்தின் இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் பிற்காலத்தில் டெஸ்ட் தகுதி வந்து சேர்ந்தது. கேப் டவுனில் நடந்த இரண்டாவதில் எமில் மக்மாஸ்டர் என்பவர் ஆடினார். அயர்லாந்தில் பிறந்தவர். அவர் வாழ்நாளில் ஆடிய முதல்தர ஆட்டமே அது ஒன்றுதான். எடுத்த ரன் 0. டெஸ்ட் ஆடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

ஆகவே பதிவேட்டின்படி மக்மாஸ்டர் டெஸ்ட் வீரர்: ஓர் ஆட்டம், பூஜ்யம் ரன். ஜோன்ஸ் டெஸ்ட் வீரர் அல்ல: 645 ஆட்டம், 36,049 ரன். டெஸ்ட் என்று தெரியாமல் ஆடியவருக்குக் கிடைத்தது, டெஸ்ட் என்று சொல்லி ஆட வைத்தவரிடமிருந்து பிடுங்கப்பட்டது. மக்மாஸ்டர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பாவம், அவர் எதையும் கேட்டு வாங்கவில்லை.

இதற்குப் பிறகு 2005 அக்டோபர். சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கும் ஐசிசி உலக அணிக்கும் ஓர் ஆட்டம். மறுபடியும் நாடு எதிர் 'உலகம்'. உலக அணி நாடு இல்லை என்று 1970 தொடரைத் தள்ளிவைத்த அதே அமைப்பு, இதற்கு மட்டும் டெஸ்ட் தகுதி கொடுத்தது. தானே நடத்திய ஆட்டம் அல்லவா! ஆஸ்திரேலியா 210 ரன்னில் வென்றது. உலக அணிக்காக முத்தையா முரளிதரன் 5 விக்கெட் எடுத்தார். முரளியின் டெஸ்ட் விக்கெட் 800 என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோமே, அதில் இலங்கைக்காக எடுத்தது 795. மீதி ஐந்து இந்த உலக அணி ஆட்டத்தில் வந்தவை. 1970-இன் விதியை 2005-இலும் பின்பற்றியிருந்தால், 2010-இல் காலேயில் பிரக்யான் ஓஜாவின் விக்கெட்டோடு முரளி 795-இல் நின்றிருப்பார். எனக்கு அது சம்மதமில்லை, 800 இருக்கட்டும். ஆனால் அதே மூச்சில் சோபர்ஸ் அணிக்கு எதிராக ஆடிய ஜோன்ஸின் ஆட்டமும் இருக்கட்டும் என்று கேட்பதுதானே முறை?

எண் 696

ஜோன்ஸ் மீண்டும் ஸ்வான்சீக்கும் கார்டிஃபுக்கும் திரும்பி இன்னும் பதின்மூன்று வருடம் ஆடினார். 1977, 78-இல் கேப்டன். 1977-இல் அணியை லார்ட்ஸில் ஜில்லெட் கோப்பை என்ற ஒருநாள் போட்டியின் இறுதிவரை கொண்டுபோய் மிடில்செக்ஸிடம் தோற்றார். விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு நூல் 1978-ஆம் ஆண்டு இதழில் தேர்ந்தெடுத்த ஐந்து சிறந்த வீரர்களில் அவரும் ஒருவர். இயான் போத்தமும் பாப் வில்லிஸும் அதே ஐவரில் இருந்தார்கள். தனது அதிகபட்சமான ஆட்டமிழக்காத 204-ஐ 1980-இல் ஹாம்ப்ஷயருக்கு எதிராக அடித்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கிளமார்கனுக்காக மட்டும் 34,056 ரன். ஓய்வுக்குப் பிறகு அதே கிளப்பில் பயிற்சியாளராக இருந்தார்.

2020 ஜூனில், லார்ட்ஸ் ஆட்டம் முடிந்து ஐம்பது ஆண்டு ஆனபோது, இங்கிலாந்து வேல்ஸ் கிரிக்கெட் வாரியம் அவருக்கு இங்கிலாந்து தொப்பியை மறுபடி வழங்கியது. அப்போது அவருக்கு வயது 81. இங்கிலாந்தின் டெஸ்ட் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. முதல் ஆட்டம் ஆடிய வரிசைப்படி அது வரும். ஒரே நாளில் பலர் அறிமுகமானால் அகரவரிசை. 1877 மெல்பர்ன் அணியில் எல்லாரும் ஒரே நாளில் அறிமுகம் என்பதால் 'ஏ'-யில் தொடங்கும் டாம் ஆர்மிட்டேஜ் எண் 1.

ஜோன்ஸை 1970-இன் இடத்தில் செருகினால் பின்னால் வந்த எல்லாருடைய எண்ணையும் மாற்ற வேண்டும். ஆகவே, 2020-இல் எது அடுத்த எண்ணோ அதைக் கொடுத்தார்கள். தொப்பி வாரியத்துடையது, டெஸ்ட் தகுதி ஐசிசியுடையது என்பதால் புள்ளிவிவரப் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. டெஸ்ட் வரி இன்னும் கிடையாது. இங்கிலாந்து வரிசையில் 695 ஸாக் கிராலி, 1998-இல் பிறந்தவர். 697 டான் லாரன்ஸ், 1997-இல் பிறந்தவர், 2021 ஜனவரியில் காலேயில் இலங்கைக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். இருவருக்கும் நடுவே, 1938-இல் பிறந்த ஆலன் ஜோன்ஸ்.